இன்னும் கொஞ்சம் நீலம்

“காடை இப்பல்லாம் வாரதே இல்ல புள்ள” என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். சொந்தக்காரர் யாரோ வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டதுபோல அவ்வளவு குறை அவர் குரலில். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். “வேற எங்கயாவது நல்ல கம்பியாப் பாத்துப் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

காடை என்று அவர் சொன்னது பனங்காடையை. அப்போது அவர் பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் கிளம்பி நிலக்கோட்டைக்குப் போய் மல்லிகை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்குச் சாப்பிட வருவார். சாப்பிடும்போது அன்றைக்கு ரோட்டில் பார்த்ததையெல்லாம் சொல்வார். பாதி நாள் அது காடைக் கதையாகத்தான் இருக்கும். காந்திகிராமத்தைத் தாண்டிப் போனால் ஒரு சின்னக் கண்மாயை ஒட்டி ரோடு வளையும். அங்கே கரண்டுக் கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம்தான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேன் கிட்டே போனதும் கம்பியிலிருந்து குதித்து றெக்கையை விரிக்கும். “அப்பப் பாக்கணுமே அந்த நீலத்த! ரெண்டு நீலம் புள்ள, ஒண்ணு வெளிர், ஒண்ணு கடும் நீலம். மாத்தி மாத்தி அடிக்கும்” என்பார். கையில் ஒட்டியிருக்கும் சட்னியோடு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

அது வேனுக்கு வலது பக்கம் பறந்து போனால் அன்றைக்குப் பூ விலை இறங்காமல் நிற்கும் என்று வேன்காரர்களுக்கு ஒரு கணக்கு. என் வீட்டுக்காரர் மாதா கோயில் ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிட மாட்டார், ஆனால் இந்தச் சகுனத்தையும் விட மாட்டார். “சாமியார்கிட்ட இதப் போயி பாவசங்கீர்த்தனத்துல சொல்லுங்க” என்று கிண்டல் செய்வேன். “சாமியாரும் நம்ம வேன்ல வந்தா வலது பக்கந்தான் பாப்பாரு” என்பார்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் ஒருவருக்குக் காது குத்துவது முதல் கல்லறைக்குக் கொண்டுபோவது வரை எங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் ஆகவேண்டும். முகத்தை வெளுப்பாக்குவது, கழுத்தில் செயினை மினுங்க வைப்பது, பின்னால் சூரியனையும் சிங்கத்தையும் நிறுத்துவது எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். நிறத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

காடை வரவில்லை என்ற பேச்சு சில மாதம் ஓடியது. இதற்கு நடுவே வீட்டில் தண்ணீர்ச் செம்பு அடிக்கடி தட்டிவிடப்பட்டது. திறந்திருந்த பீரோக் கதவில் அவர் நெற்றியை இடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். வேனின் இடது பக்கத்தில் மார்க்கெட் கேட் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டது. நாங்கள் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. வயசாகுது என்றேன் நான். கேட்டை எவனோ நகர்த்தி வைத்திருக்கிறான் என்றார் அவர்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நிலக்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்குத் தலைவலியாக இருந்ததால் ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். கண்மாய் வளைவில், கம்பியில் கொஞ்சம் பெரிய தலையோடு மண் நிறத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

“அந்தா உக்காந்திருக்கே, உங்க காடை. வாரதில்லன்னீங்க?”

“எங்க?”

கையைக் காட்டினேன். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு மறுபடியும் “எங்க?” என்றார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவருடைய தாடையைப் பிடித்து மெதுவாகக் கம்பிப் பக்கம் திருப்பினேன். “ஆ, இருக்கு!” என்று சிரித்தார். அந்தச் சத்தத்துக்குக் காடை கம்பியை விட்டுக் குதித்தது. “காணோம்” என்றார் உடனே. அது எங்கும் போய்விடவில்லை. எங்களுக்கு இடது பக்கமாக, வயலுக்கு மேலே, நிதானமாகத்தான் பறந்துகொண்டிருந்தது. நான் பறவையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அது மறுபடி வரும் என்று காத்திருப்பவர் மாதிரி வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காடை அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர் கண்ணின் ஓரங்கள்தான் போய்விட்டிருக்கின்றன. மதுரையில் கண் டாக்டர் அதைப் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்திருக்கிறது. வலிக்காது. ஓரத்திலிருந்து தொடங்கும். பார்வை இல்லாத இடத்தை மூளையே எதையாவது வைத்து நிரப்பிக்கொள்ளும், அதனால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. “போனது போனதுதான்மா. மிச்சத்தக் காப்பாத்தச் சொட்டு மருந்து தாரேன். ஆனா ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க” என்றார். வேன் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் இவர் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ ஸ்டாப் வந்துவிட்டதுபோல.

வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகும் அவர் விடியுமுன் எழுவதை விடவில்லை. எழுந்து, குளித்து, சட்டையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. இட்லி சாப்பிடும்போது சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. டிவியில் கேட்டதைச் சொல்லிப் பார்த்தார், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் காலை என்னிடம் கேட்டார். “ஏ புள்ள, ஒங்க கடையில பெரிய கேமரா ஒண்ணு சும்மாக் கெடக்குன்னியே?”

“ஆமா.”

“அந்தக் காடைய, றெக்கைய விரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துட்டு வா. கம்ப்யூட்டர்ல பெரிசா வச்சுப் பாத்துக்கிறேன். நடுவுல இருக்கறது எனக்கு இன்னும் தெரியுதுல்ல. கண்ணு முழுசாப் போறதுக்குள்ள அந்த நீலத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதும்.”

இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய மனிதர் என்னிடம் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். சரி என்றேன்.

கடை முதலாளி முன்பு கல்யாணப் படம் எடுக்க வாங்கி, பிறகு கைவிட்ட கேமரா அது. நீள லென்ஸும் இருந்தது. “கீழ மட்டும் போட்றாதக்கா” என்று கொடுத்தார். யூடியூபைப் பார்த்துப் படிக்க உட்கார்ந்தேன். அப்பெர்ச்சர் என்றால் கண் பாப்பா என்று ஒரு தம்பி சொன்னார். வெளிச்சம் குறைந்தால் விரியும், கூடினால் சுருங்கும். அந்த வாரம்தான் டாக்டர் என் வீட்டுக்காரர் கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்திருந்தார். வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் போய் நின்றேன். ஷட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது முதலாளி காலையில் தூக்கும் கடைக் கதவு ஒன்றுதான். கேமராவுக்குள்ளும் அப்படி ஒன்று திறந்து மூடுகிறதாம். மெதுவாக மூடினால் நகர்வதெல்லாம் கலங்கிப்போகும். பறக்கும் றெக்கை கலங்காமல் நிற்க வேண்டுமென்றால் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கதவு திறந்திருக்கலாம் என்றார் அந்தத் தம்பி. கேட்கும்போது எளிதாக இருந்தது.

விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய்க் கண்மாய் வளைவில் நின்றேன். பூப் பறிக்கப் போகிற பெண்கள் என்னையும் நான் அண்ணாந்து பார்க்கும் கம்பியையும் பார்த்துவிட்டு, “என்னக்கா, கரண்டு ஆபீசா? எங்க தெருவுல கம்பி தொங்குது, செத்த வந்து பாருங்க” என்றார்கள். காடைப் படம் எடுக்க வந்தேன் என்றதும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் எடுத்ததெல்லாம் கம்பிப் படங்கள். நான் பொத்தானை அழுத்தும்போது காடை இருக்கும், படத்தில் இருக்காது. சில படத்தில் ஒரு கால் மட்டும் இருக்கும், சிலதில் அழுக்குத் துணியை உதறினதுபோல ஒரு கலங்கல். ஷட்டரை வேகமாக்கினால் படம் இருட்டியது. இருட்டைச் சரிக்கட்ட ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ரவையைக் கொட்டினதுபோலப் புள்ளிகள் வந்தன. வெள்ளை வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோய், வெளிச்சம் அதிகம் என்று தானே முடிவுசெய்து, காடையைக் காக்கை ஆக்கிவிடும். அதற்கு ஒரு கூட்டல் கழித்தல் பொத்தான் இருக்கிறது, கூட்டலில் வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆனது. ஆத்திரத்தில் ஒருமுறை காடையைப் பார்த்து, “செத்த நேரம் நில்லேன், சனியனே” என்று கத்திவிட்டேன். அது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கேமராவைத் தூக்கினதும் போய்விட்டது.

ஒருவழியாக உட்கார்ந்த காடை தெளிவாக விழுந்தது. கடைக்குக் கொண்டுபோய், முகம் என்று கண்டதும் கை பழக்கத்தில் எல்லா மாப்பிள்ளைகளுக்கும் செய்கிற வேலையை அதற்கும் செய்துவிட்டேன். முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, பின்னால் பச்சையைக் கூட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, தலையை மெதுவாக நகர்த்தி நகர்த்தி, துண்டு துண்டாகப் பார்த்தார்.

“ஏன் புள்ள, காடைக்குப் பரிசம் போட்டுட்டாகளா? பவுடர் அப்பியிருக்கு!”

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். டாக்டரிடம் போய்வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் என்னை ஒரு பறவைப் படக் குழுவில் சேர்த்துவிட்டாள். அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன். ஜே.பெக் என்பது கேமராவே சமைத்துத் தருகிற சோறு, ரா என்பது அரிசி, நாமே பக்குவம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேதான் புரிந்தது. ஆனால் அவர்கள் சொன்ன ஒரு பாடம் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. பறவையை நடுவில் வைக்காதே, ஓரமாக வை, அது பார்க்கும் பக்கம் காலியாக விடு என்பார்கள். அப்படி அழகாக வெட்டி ஒரு படத்தைக் கொண்டுவந்தேன். அவர் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “வெறும் வானமால்ல இருக்கு, கம்பியக்கூடக் காணோம்” என்றார். அன்றிலிருந்து என் படங்களில் காடை நட்டநடுவில்தான் இருக்கும். குழுவில் ஒருவர், “நடுவில் வைத்தால் பாஸ்போர்ட் படம் போலாகிவிடும், மேடம்” என்று எழுதினார். அவருக்கு என்ன தெரியும்?

றெக்கை விரித்த படம் கார்த்திகை பிறந்த பிறகுதான் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த காலை. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது, வெயில் என் முதுகுக்குப் பின்னால். காடை குதிக்குமுன் உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஒடுக்கியதும் பொத்தானில் விரலை வைத்து எடுக்கவே இல்லை. கேமரா படபடவென்று அடித்துத் தீர்த்தது. அதில் ஒன்றே ஒன்று, இரண்டு றெக்கையும் மேலே விரிந்து, கண் துல்லியமாக விழுந்திருந்தது. ரோட்டோரத்தில் நின்று அழுதேன். பூப் பறிக்கிற பெண்கள் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். படத்தைத் திரை முழுக்க வைத்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் தலையை நகர்த்தி நகர்த்தி ஒரு றெக்கையிலிருந்து இன்னொரு றெக்கைக்குப் போனார்.

“றெக்கை அப்படியே இருக்கு புள்ள. கெட்டிக்காரிதான்” என்றார். அப்புறம், “ஆனா நீலம் இது இல்லையே. வெளிறிக் கெடக்கே” என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. படத்தைத் திருத்துகிற மென்பொருளில் நீலத்துக்கு மட்டும் தனியாக ஒரு கோடு உண்டு, அதில் புள்ளியை நகர்த்தி நீலத்தை ஏற்றலாம், இறக்கலாம், பச்சைப் பக்கமோ ஊதாப் பக்கமோ சாய்க்கலாம். அன்று மாலை ஏற்றிக் காட்டினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். மறுநாள் இன்னும் ஏற்றினேன். “கிட்ட வந்திருச்சு. இன்னும் கொஞ்சம்.” இதுதான் அதன் பிறகு எங்கள் பேச்சாகிப்போனது. “இந்தப் படத்துல வெயில் பத்தல போல. நாளைக்கு இன்னொண்ணு எடுத்துட்டு வாயேன்” என்பார். நான் மறுநாளும் போவேன். திரும்பி வந்தால் கண்மாயில் எம்புட்டுத் தண்ணி, யார் யார் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள், பழைய வேன்காரர் யாராவது ஹாரன் அடித்தார்களா, காடை எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் இருந்தது, எல்லாவற்றையும் கேட்பார். சொல்லிவிட்டுத்தான் படத்தைத் திறப்பேன்.

குழுவில் ஒரு படத்தைப் போட்டபோது, “இது காடையா, சொட்டு நீலம் போட்ட வேட்டியா?” என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்க படத்துக்கு ஊரே லைக் போடட்டும். என் படத்தப் பாக்குறது ஒரே ஒரு ஆளு, அவரு சொல்றதுதான் கணக்கு” என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியே வந்தேன். அந்த ஆள் கேட்டதில் தப்பில்லை. அந்த நீலம் எந்தப் பறவையிலும் கிடையாது, அரசியல் ஃப்ளெக்ஸில்கூடக் கிடையாது. எனக்கே அது தெரியும்.

தெரிந்ததால்தான், அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, அவர் கண்ணில் மருந்து விட்டு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில், டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். இந்த நோயில் நிறமும் மங்கும், அதிலும் நீலம் சீக்கிரமே மங்கலாம் என்று சொன்னார். வரும் வழியில் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் படத்தில் நீலத்தை ஏற்ற ஏற்ற, அது அவர் கண்ணில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருடைய கண் போகிற வேகத்தை என் கம்ப்யூட்டர் மவுஸால் முந்த முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு புள்ளி, இன்னும் ஒரு புள்ளி என்று ஏற்றிக்கொண்டே இருந்தேன். என்றைக்காவது ஒரு நாள் “இதான்” என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள். அன்று கடை வேலையையும் காடைப் படத்தையும் ஒரே பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அடுப்பில் குழம்பு பொங்கும் சத்தம் கேட்கவே, அவசரத்தில் ஒரு ஃபைலைத் தட்டித் திறந்துவிட்டு, “பாருங்க, இன்னைக்கு நல்லா வந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினேன். அடுப்பைத் தணித்துவிட்டு வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் வழக்கம்போல் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“றெக்கை நல்லா விரிஞ்சிருக்கு புள்ள” என்றார். “நீலம் மட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்.”

திரையில் ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிற குழந்தை. பின்னணி முழுக்க ரோஸ் நிறம், நான் கூட்டியது. அதில் பொட்டளவு நீலம்கூட இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவர் தலை நகரவே இல்லை. முன்னெல்லாம் துண்டு துண்டாகத் தேடிப் பார்ப்பவர், இப்போது கோயிலில் உட்கார்வதுபோல அசையாமல் இருந்தார். இது எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எப்ப இருந்து தெரியல?” என்றேன்.

“என்னது?”

“படம் தெரியாம எப்ப இருந்து இருக்கீங்க?”

அவர் கையை நீட்டித் திரையின் ஓரத்தைத் தொட்டார். “ஏன், என்ன படம் இருக்கு இதுல?”

“காதுகுத்து.”

திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “யாரு வீட்டுது?” என்றார்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. விடியலில் எழுந்து ஓடினது, பனியில் நின்றது, ஊர்பேர் தெரியாதவர்களிடம் பேச்சு வாங்கினது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கிறிஸ்மஸுக்கு அப்புறமே மங்கிருச்சு” என்றார். “வெளிச்சம் தெரியும். நீ வாரது போறது நெழலாத் தெரியும். அம்புட்டுத்தான்.”

“அப்புறம் எதுக்கு நீலம் பத்தல, நீலம் பத்தலன்னு...”

“சரியாயிருச்சுன்னு சொன்னா நீ போறத நிப்பாட்டிருவ. தெரியலன்னு சொன்னாலும் நிப்பாட்டிருவ” என்றார். “நீ போய்ட்டு வந்து சொல்லுவல்ல, கண்மாயில தண்ணி வத்திருச்சு, இன்னார் ஹாரன் அடிச்சாரு, காடை மூணாவது கம்பத்துக்கிட்ட இருந்துச்சுன்னு. அதக் கேக்கையில நான் வேன்ல போய்ட்டு வாரேன் புள்ள. அதுக்குத்தான்.”

எனக்குக் கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “மொத மொத றெக்க விரிச்ச படம் கொண்டாந்தேனே, மழை விட்ட அன்னைக்கு. அதாவது தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு. நல்லாத் தெரிஞ்சுச்சு.”

“நீலம்?”

பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

“சாம்பலாத்தான் இருந்துச்சு புள்ள” என்றார்.

அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதை நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன்பே அது முடிந்துபோயிருக்கிறது.

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தது. அவரும் எழுந்து சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். போகிறாயா என்று அவர் கேட்கவில்லை. நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காடை இருந்தது. ஒடுங்கியது, குதித்தது, விரித்தது. நானும் எடுத்தேன். எல்லாம் வழக்கம்போலத்தான்.

வீட்டுக்கு வந்து இட்லியை எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போடாமல், எதிரே உட்கார்ந்து சொன்னேன். கண்மாய் ஓரத்தில் சேறு வெடிக்க ஆரம்பித்துவிட்டது, பூப் பறிக்க இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள், நிலக்கோட்டை வேன் ஒன்று ஹாரன் அடித்துப் போனது, காடை வலது பக்கம் பறந்தது. வலது பக்கம் என்றதும் சிரித்தார்.

“நீலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். இத்தனை மாதம் நாள் தவறாமல் அது என் முன்னால் றெக்கையை விரித்திருக்கிறது. நான் அதன் கண் துல்லியமாக விழுகிறதா என்று பார்த்தேன். ஷட்டர் போதுமா, வெளிச்சம் கூடுதலா என்று ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்தேன். நீலத்தை வீட்டில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

“நல்லா இருந்துச்சுங்க” என்றேன்.

அவர் பிட்ட இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மேலே சொல்வேன் என்று என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“அம்புட்டுத்தானா?”